பூவுக்கு வைத்த பெயர்

திருவண்ணாமலை வெயிலில் ஆர்க்கிட் வளர்ப்பது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. மாடியில் பச்சை வலை கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கேட்லியா ரகத்தைப் பூக்க வைத்துவிட்டேன். ஸ்லிப்பர் ஆர்க்கிட்தான் ரொம்ப நாள் அடம்பிடித்தது. கடைசியில் அதுவும் பூத்தபோது, மாமியார் ஆசையாகக் கேட்டு வாங்கிப் பூஜையறையில் வைத்தார்.

அந்தப் பூவின் ஒரு இதழ் செருப்பின் முனை மாதிரி குழிந்திருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். அதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். செடியில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தபோது, "உங்க அம்மாகிட்ட சொல்லிடாத" என்றேன்.

"நான் ஏன் அண்ணி சொல்லப் போறேன்?"

இரண்டே நாளில் மாமியார் பூவைக் குப்பையில் போட்டார். "செருப்பைப் போய் சாமிக்கு வச்சிருக்கேன். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்திருக்க நீ." தொட்டி வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் போனது. அங்கேயே வெயிலில் காய்ந்து செத்தது.

அடுத்த வருஷம் தீபத்துக்கு வேங்கிக்காலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவளுடைய சாமி படத்துக்கு முன்னால் அதே பூ. வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மகாலட்சுமி பாதம்னு பேருங்க. லேசுல பூக்காது."

மாமியார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.