இரண்டு விரற்கடை

அன்று வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அப்பாவும் நானும் இருந்தோம். மெக்கானிக் காதர் அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். இன்று வாஷ்பேசினுக்குப் பிளம்பர் மாட்டிய, கம்பி பின்னிய குழாயைத் தொட்டதும் பெட்ரோலும் கிரீஸும் கலந்த அந்த ஷெட்டின் வாசனை வந்துவிட்டது; அங்கே இப்போது கல்யாண மண்டபம்.

வண்டிகளின் பெட்ரோல் குழாயில் பின்னிய கம்பி பிரியாமலிருக்க டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ரம்பத்தை வைத்துக் கரகரவென்று அறுக்கும்போதெல்லாம், "இஞ்சின் ஆடும்ணே, ரெண்டு வெரக்கட கூட விடணும்" என்பார் காதர் அண்ணன். அன்று எங்கள் அம்பாசடர் டாக்சியின் பெட்ரோல் குழாய் ஒழுகியது. அப்பாவுக்குச் சவாரி அவசரம். என் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து நேராக அளந்து, "பதினோரு இஞ்சுப்பா" என்றேன்.

"படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று அப்பாவே அறுத்து மாட்டினார். குழாய் கொடிக்கயிறு போல் விறைப்பாக நின்றது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் இஞ்சின் ஆடிய ஆட்டத்தில் அது கழன்று, பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்தது. அப்பாவும் சவாரி வந்தவர்களும் இறங்கி ஓடித் தப்பினார்கள்.

கருகிய வண்டியைப் பார்த்து, "யாருண்ணே அளந்தது?" என்று காதர் அண்ணன் கேட்டார்.

"நாந்தேன்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

அம்மாவின் சங்கிலியை விற்ற பணத்தையும் சேர்த்து, அந்த வண்டிக்கு நாங்கள் கொடுத்திருந்தது பதினாலாயிரம் ரூபாய்.