செம்பியன் போட்ட தையல்

செம்பியனுக்கு அரைகுறை வேலை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. டவுன் பஸ்ஸில் சீட்டு உறை கிழிந்திருந்தால், சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துத் தைத்துவிட்டுத்தான் இறங்குவான். கண்டக்டர் திட்டினாலும் சிரிப்பான். பெயிண்டராவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கிள்ளை மீனவ ஊரில் கூலிக்கு வலை சீர்செய்தவன். அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இப்போது சிப்காட்டில் டேங்க்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். எட்டுப் பேர் கொண்ட குழு, தங்கராசு மேஸ்திரி. மச்சான் செல்வனும் அதே குழுவில்தான். மனைவி ரேகாவின் தம்பி. ஆடி மாதம் எட்டுப் பேருக்கும் புது சேஃப்டி பெல்ட் வந்தது. கூடவே வகுப்பெடுக்க வெண்மதி மேடமும் வந்தாள். சேஃப்டி ஆபீசர், வயது இருபத்தைந்து இருக்கலாம்.

அவள் ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் ஒழுகியது. ஏணி மேல் ஏறி அதைக் கீழே விட்டாள். விழுந்த நேரம் முழுக்க ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தரையில் மோதியதும் பாட்டில் வெடித்து எல்லார் பேன்ட்டையும் நனைத்தது.

"பாத்தீங்களா? விழுறப்ப தண்ணிக்கு வெயிட்டே தெரியாது, பாட்டிலும் தண்ணியும் ஒண்ணா விழுது. நிக்கிறப்பதான் அடி. மனுசனுக்கும் அப்டித்தான். விழுறது கொல்லாது, சட்டுனு நிக்கிறதுதான் கொல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிற்றில் இருந்த சின்னப் பொட்டலத்தைக் காட்டி அவள் இன்னும் ஏதோ சொன்னாள். செம்பியன் காதில் அது ஏறவில்லை. பொட்டலத்தின் உறையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மடித்து வைத்த நாடாவில் நூல் நூலாக லேசான தையல். விரலால் இழுத்தாலே பிரிந்துவிடும்போல இருந்தது.

"இத நம்பியா நாப்பது அடி ஏறச் சொல்றானுவ? என்னடா தையல் இது!" என்று செல்வனிடம் காட்டிப் பொருமினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டு பெல்ட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனான். வலை பின்னுகிற நைலான் நூலை இரட்டையாக்கி, ஒவ்வொரு பொட்டலத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தான். மேலே உறையை மூடி ஒட்டினான். குழுவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்; மற்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. இனி யானையைக் கட்டினாலும் தாங்கும் என்று ரேகாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். பாவம், நல்லது செய்ததாகத்தான் நினைத்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, மழை ஓய்ந்த ஈரத்தில் சாரப் பலகை அவன் காலடியில் புரண்டது.

விழுந்தது ஒரு நொடிகூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் உடம்பே இல்லாதது போல இருந்தது. இடுப்பில் தொங்கிய பெயிண்ட் வாளி அவனோடு சேர்ந்தே இறங்கியது, அதன் கனம் தெரியவில்லை. பயம்கூட வரவில்லை. அப்புறம் கயிறு விறைத்தது. பத்துப் பன்னிரண்டு நெல் மூட்டையை ஒன்றாக முதுகில் போட்ட மாதிரி ஓர் அடி. உள்ளே எதுவோ முறிந்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

டேங்க்குக்கும் சாரத்துக்கும் நடுவில் தொங்கினான். கூப்பிட வாயைத் திறந்தால் மூச்சு வரவில்லை. பெல்ட்டின் தொடைப் பட்டை அறுத்ததில் கால்கள் மரத்துக்கொண்டே வந்தன. கையை நீட்டினால் கம்பிக்கு ஒரு சாண் குறைந்தது. கழுத்தைத் திருப்பினால் தோளுக்கு மேலே அந்தப் பொட்டலம். உறை கிழிந்திருந்தது. அவன் போட்ட தையலில் ஒரு இழைகூட நகரவில்லை.

அப்போதுதான் அன்று வகுப்பில் மேடம் சொன்னது காதில் விழுந்தது. இந்தத் தையல் ஒண்ணொண்ணா பிரியணும், அப்பத்தான் மெதுவா நிறுத்தும், யாரும் கை வைக்காதீங்க என்று சொல்லியிருந்தாள். மூன்று மாதம் கழித்து, முதுகு முறிந்து, அந்தரத்தில் தொங்கும்போது அவனுக்கு அது புரிந்தது. தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து செல்வன் ஓடி வந்தான். அதே ஈரப் பலகைகள் மேல், அதே தையல் போட்ட பெல்ட்டோடு.

"மாமா! அசையாத மாமா, தோ வந்துட்டேன்!"

வராதே என்று சொல்ல வேண்டும். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. செல்வன் வைத்த ஒவ்வொரு அடியும் எந்தப் பலகையில் விழுகிறது என்றே செம்பியன் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் கழித்துச் செம்பியனைக் கீழே இறக்கியபோது அழுதுகொண்டிருந்தான். வலியில் அழுகிறான் என்று நினைத்தார்கள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு முறிவு, முதுகெலும்பில் ஒரு விரிசல் என்றார்கள். மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும். மார்பிலிருந்து இடுப்பு வரை இறுகக் கட்டிப்போட்டார்கள். மின்விசிறியைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். செம்பியன் போட்ட தையல்தான் செம்பியனைக் காப்பாற்றியதாம். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் எல்லாரும் கைகழுவிவிடுவார்கள், ரேகா தனியாக என்ன செய்வாள் என்று நினைத்து நாலு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் செல்வன் ஒரு பையோடு வந்தான். உள்ளே புது பெல்ட், நைலான் நூல், ஊசி.

"ஒன் எடத்துக்குக் காட்டுமன்னார்கோயில்லேர்ந்து ஒரு ஆளு வந்துருக்கான் மாமா. நாளைக்கு ஏறணும். படுத்துகிட்டே கொஞ்சம் தச்சுக் குடுத்துடேன்."

"நீங்கல்லாம் எத மாட்டிகிட்டு ஏறுறீங்க?"

"வேற எத? நீ தச்சதுதான். அத நம்பித்தான மாமா ஏறுறோம்."

செம்பியன் மின்விசிறியையே பார்த்தான். பிறகு நூலைத் தள்ளிவிட்டான்.

"மேடத்துக்குப் போன் போடு."

"எதுக்கு மாமா?"

"போடுறா!"

வெண்மதி எடுத்ததும் செல்வன் போனை அவன் காதருகே பிடித்தான். பேசப் பேச விலா குத்தியது.

"மேடம், பெல்ட்டுல ஒரு கொறையும் இல்ல. பிரியாம நான்தான் தச்சிப்புட்டேன். என் முதுவ ஒடிச்சது நான்தான். இன்னும் ஏழு பேரு அதத்தான் மாட்டியிருக்காங்க மேடம், நாளைக்கு யாரையும் ஏற வுடாதீங்க."

செல்வன் போனைப் பிடித்தபடியே நின்றான். அன்று காலை முழுக்க அவன் நாற்பது அடி உயரத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். மாமாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.