இரட்டைச் சுருள்

பாம்பனைச் சேர்ந்த வில்பிரட் பதினெட்டு வருடமாக விசைப்படகில் டிரைவர். இஞ்சின் இரைச்சலிலேயே கிடந்து இரண்டு காதும் பாதி மங்கிவிட்டன. மெல்லிய, கூர்மையான சத்தம் எட்டுவதில்லை. கரைக்கு வந்த மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போலிருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிதாரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவான். பாடகர் குழுவில் அவன் மனைவி அனிட்டாவும் கிதார் வாசிப்பாள். இரண்டும் கல்யாணமான வருடம் மதுரையில் ஜோடியாக வாங்கிய எலக்ட்ரிக் கிதார்கள்; ஒரே கம்பெனி, ஒரே ரகம்.

அதுவே தொல்லையாகிப் போனது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் எது தன்னுடையது என்று அவனுக்குப் பிரியவில்லை. விரல் சரியாகத்தான் போகும் என்று நம்பி வாசித்துக்கொண்டிருந்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், பிக்கப்பை மாற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தான். தந்திகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி சுருட்டியிருக்கும் சின்னக் கட்டை அது. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒற்றைச் சுருள் என்றால் ஒலி மெலிந்து கணீரென்று வரும்; இருவர் கிதாரிலும் இருந்தது அதுதான். இரட்டை என்றால் தடித்து வரும். அனிட்டாவின் கிதாரைத் தொடாமல், தன்னுடையதற்கு மட்டும் இரட்டைச் சுருள் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தான்.

உப்புக்காற்றில் துருவேறிய திருகுகளைக் கழற்றவே ஒரு மத்தியானம் போயிற்று. வியர்வை கண்ணில் இறங்க, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

சாயங்காலம் இருவரும் வாசித்துப் பார்த்தார்கள். அவளுடையது மேலே கணீரென்று ஓட, அவனுடையது அடியில் தனியாகத் தெரிந்தது. அவனுடைய ஒவ்வொரு அடியும் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழுந்தது.

வில்பிரட் நிறுத்திவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான்.

"மூணு வருசமிருக்கும்," என்றாள் அனிட்டா. "நீங்க பிந்துனா நானும் பிந்திக்கிருவேன். ரெண்டும் ஒரே சத்தம்ல, யாருக்கும் தெரியல."

"சொல்லியிருக்கலாம்ல."

"கடல்ல இருந்து வந்து அசந்து கெடக்கிற மனுசன்கிட்ட இதையும் எப்பிடிச் சொல்ல?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. கிதாரை மடியில் சாய்த்து வைத்தான். பிறகு, ஓடி வாசிக்க வேண்டியதையெல்லாம் இனி அவளே வாசிக்கட்டும், தான் தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளை மட்டும் நிதானமாகப் பிடிப்பதாகச் சொன்னான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அந்தோனியார் திருவிழாப் பூசையில் அப்படித்தான் வாசித்தார்கள். பிந்தும்போது இப்போது அவனுக்கே கேட்டது. அந்த அடியை விட்டுவிட்டு அடுத்ததில் சேர்ந்துகொண்டான். அனிட்டா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. நன்றாக வாசித்தாள். அவள் இவ்வளவு நன்றாக வாசிப்பாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.