செவுளின் சிவப்பு

ராயபுரத்தில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் ஒரு மீன்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூசிய அகன்ற முகம், மடியில் காலி அன்னக்கூடை. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் டிரைவருக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் எட்டிப் பார்த்துத் தன் கீழ் இமையை இழுத்துவிட்டுக்கொண்டார், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது போல.

“ரத்தமே இல்லாத மாதிரி கீதும்மா,” என்றார் என்னிடம். “டாக்டரு எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

“அப்புறம் என்னக்கா பயம்?”

“ஐஸ்ல வெச்ச மீன, இப்பதான் போட்ல வந்துச்சுன்னு நான் சொல்லச்சொல்லோ என் மூஞ்சி எப்டி இருக்குமோ, அப்டியே இருந்துச்சு அவரு மூஞ்சி.”

இமையை இழுத்தபடி என் பக்கம் திரும்பினார். “நீ பாத்து சொல்லு. செவப்பா கீதா?”

மங்கிய வெளிச்சத்தில் எனக்கு நிறமே பிடிபடவில்லை. “நல்லா செவப்பா இருக்குக்கா,” என்றேன்.

கண்ணைப் பார்க்கச் சொன்னவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இமையை விட்டார். “நானும் இப்டித்தாம்மா சொல்வேன்.”

தண்டையார்பேட்டையில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். என் இடத்தில் ஏறி உட்கார்ந்த பெண்ணிடம் இமையை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.