பொறிவண்டை விரட்டிய எறும்புகள்

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் கிணற்றடி நிலத்தில் முதன்முதலாக மக்காச்சோளம் போட்டவன் நான்தான். அண்ணனை ஒரு மாதம் நச்சரித்து வாங்கிய நிலம். "ஒரு போகம் பாக்கலாம். வெளையலீன்னா மறுக்காக் கடலக்காதான். அப்பறம் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகியும் ஒரு வயலைக்கூட என் இஷ்டத்துக்கு உழுததில்லை நான். அந்த ஒரு போகத்தில்தான் என் மானமே இருந்தது.

பயிர் இடுப்பளவு வந்தபோது குருத்தில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. சாற்றை உறிஞ்சி இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆக்கிவிட்டது. சாம்பல் தூவிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் பொறிவண்டுகள் வந்தன. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த, மிளகளவு வண்டுகள். ஒரு வண்டு அசுவினிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்ப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

எங்கே பிழைக்க! வரப்பிலிருந்து பிள்ளையார் எறும்புகள் சாரைசாரையாக ஏறின. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அவற்றைக் கறவை மாடுபோலக் காத்தன. பொறிவண்டு வந்தால் கூட்டமாகச் சேர்ந்து அதன் காலைப் பிடித்து இழுத்தன. அத்தனை எறும்பையும் வளர்த்தது யார் தெரியுமா? என் அண்ணன். ஏழரைச் சனிக்குப் பரிகாரமென்று சனிக்கிழமை தவறாமல் அரிசி மாவில் வெல்லம் கலந்து என் வரப்பில் தூவிக்கொண்டிருந்தார். அவருடைய சனிக்கு ஊரில் வேறு வரப்பே கிடைக்கவில்லையா என்று பொருமினேன்.

புற்றைக் கிளறிவிடக் கை துடித்தது. பிள்ளையார் எறும்பாயிற்றே, தொட்டால் அண்ணன் என்னை வீட்டிலேயே சேர்க்க மாட்டார். நேரில் காட்டினால் புரியும் என்று அவரை வயலுக்கு இழுத்துவந்தேன். நல்ல வேளையாக, ஒரு பொறிவண்டை எறும்புகள் இலையிலிருந்து கீழே தள்ளிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களாண்ணா?"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தண்டா! பூச்சிய எப்படித் தொரத்துது பாரு! நான் போட்ட மாவு வீண் போகலே."

"அய்யோ, அது நல்ல வண்டுங்கண்ணா! அசுவினியத் திங்கிறதே அதுதானுங்க!"

"பூச்சியில நல்ல பூச்சி, கெட்ட பூச்சின்னு உண்டாடா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மாவு இரண்டு பங்கானது.

அறுப்பு நாளில் கதிரை உரித்தால் பாதிக்கு மேல் மணி பிடிக்காத பொக்கை. வயலில் வைத்தே கத்திவிட்டேன். "உங்க சனிக்கு என்ற பயிருதானுங்களா கெடச்சுது?"

அண்ணன் கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தார். "எனக்கேதுடா சனி? அது முடிஞ்சு நாலு வருசமாச்சு. உனக்குத்தான் நடக்குது. மொத மொதலாத் தனியா வெள்ளாம பண்றே, கெட்டுப் போயிறக் கூடாதேன்னுதான் போட்டேன்."

பயிரைக் கெடுத்தவரைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. மறு போகம் அங்கே கடலைக்காய் விதைத்தோம்.

"பயப்படாதே. ஏழரையில உனக்கு இன்னும் ரண்டு வருசந்தான் பாக்கி" என்றார் அண்ணன்.