சாயத்தண்ணீரில் தழைத்த கீரை

எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறோம். இந்தக் கோடையில் போர்க்கிணறு வற்றி, மாடியில் கீரைத்தொட்டிகள் காய ஆரம்பித்தன. சாயம் போட்ட நூலை அலசிய தண்ணீரை வீணாக்குவானேன் என்று தொட்டிகளில் ஊற்றினேன்; இலைகளிலும் தெளித்தேன். நான்கே நாளில் கீரை தழைத்தது; இலைகளில் மொய்த்திருந்த அசுவினிப் பூச்சிகூட ஒழிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுப் பரிமளாவுக்கு ஒரு கட்டுக் கீரை பறித்துக் கொடுத்தேன். மதியம் மாடிக்கு வந்த என் கணவர், தொட்டி மண் சிவந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"சாயத் தண்ணியையா ஊத்திகினு இருந்தே? பூச்சியே செத்துப்போச்சுன்னா அது இன்னா தண்ணின்னு யோசிக்க மாட்டியா? கீரைய யாருக்குனா குடுத்தியா?"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பரிமளா தன் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கீரைச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லவேளைக்கா, இன்னும் ஒரு வாய்கூட ஊட்டல" என்றாள்.

அந்த மண்ணையே மாற்றிவிட்டேன். இப்போது அரிசி கழுவிய தண்ணீரை மட்டுமே ஊற்றுகிறேன்; பூச்சியைக் கையால் வழித்துப் போடுகிறேன். முதல் பறிப்பை நாங்கள் சாப்பிட்ட பிறகே பரிமளாவுக்குக் கொடுக்கிறேன். அவளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறாள். சமைக்கிறாளா என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.