தெரியும் சாரும் ஒரு வினைச்சொல்லும்

"நேராப் போங்க. ரெண்டாவது திருப்பத்துல ரைட். ஒரு பச்சை கேட் வரும், அதத் தாண்டினதும் லெஃப்ட். கண்ண மூடிட்டுப் போகலாம்."

லாரிக்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புகிறார். கண்ணை மூடிக்கொண்டு போனால் ஒருவேளை சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடுவார். இவர் சொன்ன வழியில் போனால் சேர மாட்டார். அந்தப் பக்கத்தில் பச்சை கேட்டே கிடையாது. வழி சொன்ன எங்கள் ஆபீஸ் சார், லாரி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, நாலு பேருக்கு உதவிய திருப்தியோடு பதிப்பகத்தின் மாடிப்படி ஏறுகிறார். பின்னாலேயே ஏறுகிற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

"சார், அந்த சிமெண்ட் குடோன் எங்க இருக்குன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் தெரியும். அந்தப் பக்கந்தான் எங்கயாவது இருக்கும்."

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி எங்கள் எல்லாருக்கும் அவர் 'தெரியும் சார்'. மின்விசிறி கடகடத்தால் அண்ணாந்து பார்த்து, "பேரிங் போயிருக்கு" என்பார். விக்கல் எடுத்தால் எந்தக் காதை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று சொல்வார். யாராவது தும்மினால் மழை வருமா வராதா என்பதுகூட அவருக்குத் தெரியும். பத்தில் ஒன்றிரண்டு பலிக்கும். குருட்டாம்போக்கில் விழுந்தாலும் பலித்தது பலித்ததுதானே. பலிக்காததை அவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, நாங்களும் பெரிதாகச் சொல்லிக்காட்டுவதில்லை. மனிதர் நல்லவர். தனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் கேட்டவர் ஏமாந்துபோவாரே என்பதுதான் அவருடைய கவலை என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை அகராதி எழுதுவது. அதுவும் பழைய கிரேக்க மொழிக்குத் தமிழில் பொருள் சொல்கிற அகராதி. இளமையில் சட்டம் படிக்கப் போனவர், கிரேக்கப் பைத்தியமான ஒரு பேராசிரியரிடம் மாட்டிக்கொண்டு, சட்டத்தை விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த மொழி அவருக்கு உண்மையாகவே நன்றாகத் தெரியும். அது ஒன்றைத்தான் அவர் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில்லை. என் வேலை, அவரும் இன்னும் இரண்டு பேரும் எழுதித் தருவதைக் கணினியில் பக்கமாக அடுக்குவது. வருடக்கணக்காக அடுக்குகிறேன். "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று வெளியில் கேட்பவர்களிடம், "முதல் எழுத்துல இருக்கோம்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். கிரேக்கத்தில் முதல் எழுத்து அவ்வளவு பெரியது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் பொருள் சந்தேகமாக இருந்தால், எழுதுகிறவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து அதைப் பேசித் தீர்ப்பார்கள். மற்ற இருவரின் தாள்களில் கேள்விக்குறிகள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். தெரியும் சாரின் தாள்கள் சுத்தமாக இருக்கும். பழைய நூல்களில் வருகிற பல மீன்களும் பறவைகளும் இன்னவை என்று யாருக்கும் தெரியாது. அகராதிக்காரர்கள் 'ஒருவகை மீன்', 'ஒருவகைப் பறவை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார்கள். இவருக்கு அந்த 'ஒருவகை' ஆகாது. ஒரு தடவை அப்படிப்பட்ட பறவை ஒன்றுக்கு, 'நாரை. மாலையில் மட்டும் கூவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாலையில் மட்டும் கூவும்னு யார் சார் சொன்னா?"

"பறவைன்னா சாயங்காலம் கூவாதா மேடம்?"

அந்தச் சனிக்கிழமை வேறு எந்தச் சொல்லும் நகரவில்லை. எல்லாரும் சிரித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

பிறகு அவர் பங்குக்கு அந்த வினைச்சொல் வந்தது. நம் வாயில் 'அக்னொஎயோ' என்று வரும். அறியாதிருத்தல் என்று பொருள். யாருக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்வது அகரவரிசை. ஆனால் அகரவரிசைக்கும் குசும்பு உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒன்றை அறியாமல் இருப்பது, எதிரே நிற்பவரை இன்னாரென்று அடையாளம் காணாமல் போவது, சொன்னது விளங்காமல் விழிப்பது, தெரியாமல் தவறு செய்துவிடுவது. இவ்வளவையும் அந்த ஒரே சொல் சுமக்கிறது. இன்னொன்றும் உண்டு: மிகப் பழைய பாடல்களில் அது பெரும்பாலும் மறுப்போடு சேர்ந்தே வரும். "எனக்குத் தெரியாம இல்ல" என்று நாம் சொல்கிறோமே, அப்படி. அப்போது நன்றாகத் தெரியும் என்று பொருள்.

தெரியும் சார் எதைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். மறுப்போடு வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடி எடுத்தார். ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து வாசித்துக் காட்டினார். "பாத்தீங்களா தம்பி, கண்டுபிடிக்காம இல்ல. கவனிக்காம இல்ல. எப்பேர்ப்பட்ட வார்த்தை!" என்று கண்கள் மின்னச் சொல்வார். தாள் பதிப்பாசிரியையிடம் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது.

"சார், மறுப்புக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. முதல் பொருளுக்கு ஒத்தை வார்த்தை."

"அறியாதிருன்னா அறியாதிரு. அதுல சொல்ல என்ன மேடம் இருக்கு?"

"அதான் தலைப்பொருளே. தெரியாம இருக்கறவன் எப்படி இருக்கான்? பயப்படறானா, யாரையாவது கேக்கறானா, பேசாம இருக்கானா? ஒவ்வொரு இடமாப் பாத்து எழுதிட்டு வாங்க."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த சொற்கள் எல்லாம் வந்தன. அது மட்டும் வரவில்லை.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் பாதி மனிதர்தான் வருவார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், துணிகளைப் பிடித்தும் பிரித்தும் அளவு சரிசெய்து கொடுக்கிற சின்னக் கடை அந்த அக்காவுடையது. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பு. என் பேன்ட்டுகளின் இடுப்பு வருடா வருடம் அகலமாவதை வெளியில் சொல்லாத ஒரே ஆள்.

"எங்க வீட்டுக்காரர் சொல்ற வழிக்கு எதிர்ப்பக்கமா நடந்தா கரெக்டா போய்ச் சேந்துடலாம் தம்பி" என்பார். கல்யாணமான புதிதில் இருவரும் முதல் பயணம் கிளம்பியபோது, "எனக்குத் தெரியும்" என்று வேறு ரயிலில் ஏற்றிவிட்டாராம். பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் ஊரில் இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்களாம். "அப்பவும் மனுஷன் அசரலயே! 'இதுவும் நல்ல ஊர்தான், எனக்குத் தெரியும்'ங்கறார்." இதைச் சொல்லும்போது மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரிப்பார். முப்பது வருடக் குடித்தனத்தில், கணவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பது அவர் வழக்கம். அதனால் குடும்பம் நன்றாகவே நடந்தது.

ஒருமுறை மட்டும் அக்கா யாரையும் போய்க் கேட்கவில்லை. தொங்கிய டேப்பைச் சரிசெய்தபோது கழுத்தில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. சின்னக் கட்டி, வலி இல்லை. அன்று சாயங்காலம் அவரிடம் காட்டியிருக்கிறார். அழுத்திப் பார்த்துவிட்டு, "சூட்டுக் கட்டி. எனக்குத் தெரியும். தானா அமுங்கிடும்" என்றார் தெரியும் சார். அது அமுங்கவில்லை. அதை மறைக்க அக்கா காலர் வைத்த ரவிக்கை போட ஆரம்பித்தார். சீருடையின் நீளத்தைக் குறைக்க வந்த ஒரு நர்ஸ், அக்கா குனிந்தபோது அதைப் பார்த்துவிட்டு, துணியைக்கூட வாங்காமல் கையோடு அழைத்துப் போனார்.

டாக்டர் அவர்களைத் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் தெரியும் சார் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தெரியாம பண்ணிட்டா அது தப்பா, தப்பு இல்லையா?"

அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேள்வியாகக் கேட்டதில்லை. நாலாவது பொருளைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது.

"தெரியல சார்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை இவன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் என்று பொறாமைப்பட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் பிறவிக்குணம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் மனிதர் பழையபடி ஆரம்பித்தார், முன்னைவிடச் சத்தமாக. "இதெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்ல. பல்லு புடுங்கற மாதிரி. எனக்குத் தெரியும்." வாசலில் ஒருவர், படியில் ஒருவர், தபால்காரர், எதிர்க்கடைக்காரர், யார் கேட்டாலும் அதே பேச்சு. பேன்ட் வாங்கப் போன என்னிடம் அக்கா தலை நிமிராமல் சொன்னார்:

"அவர் சொல்றத நான் என்னைக்குத் தம்பி நம்பினேன்? அன்னைக்கு மட்டும் நம்பணும்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சு, நம்பிட்டேன். அதுக்கு அவர என்ன சொல்றது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா இப்ப அவர் சத்தமா சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் பயம் கூடுது. வீட்ல பயப்படற ஆள் நான் ஒருத்திதான். ரெண்டு பேர் பயத்தையும் நானே படணும்னா முடியல."

பேன்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை என் வண்டியில்தான் போனோம். ஃபிளாஸ்க்கும் போர்வையும் தூக்கிக்கொண்டு நானும் வார்டுக்குள் போனேன். பச்சை அங்கி போட்டு அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. டாக்டர் வந்து, "எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு சொல்ல முடியும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"என்னங்க."

"ம்."

"கெட்ட கட்டியா இருக்குமா?"

தெரியும் சாரின் கன்னம் அசைந்தது. இதோ வரப்போகிறது என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பல்லு புடுங்கற கதையை அந்த நேரத்தில் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"தெரியலம்மா" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நெஜமாவே தெரியல. அன்னைக்கும் தெரியாமத்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன். உன்ன அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு பயமா இருக்கு."

"உங்களுக்கா?"

"ரொம்ப."

அக்கா ஊசி ஏறாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா" என்றார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "இப்படி வந்து உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வெளியே போய்விடலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்தார். "முடிய ரெண்டாப் பிரிச்சுப் பின்னணும், அப்பத்தான் தொப்பி நிக்கும். அவங்களால கையத் தூக்க முடியாது. யாராவது பின்னி வைங்க, இதோ வந்துடறேன்."

"ஐயோ, உங்களுக்குப் பின்னத் தெரியாதே" என்றார் அக்கா.

"தெரியாது" என்று எழுந்து பின்னால் போனார். "சொல்லு, பண்றேன்."

"நடுவுல வகிடு எடுங்க. விரலாலயே எடுங்க, பரவால்ல. ஒரு பக்கத்த முன்னாடி விடுங்க. இத மூணாப் பிரிங்க. ஐயே, அது ரெண்டு! மூணு."

பிரித்தார். நழுவியது. மறுபடி பிரித்தார். அகராதித் தாளில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத மனிதர், மனைவியின் கூந்தலை மூன்று முறை கலைத்து மூன்று முறை ஆரம்பித்தார்.

"ஓரத்துல இருக்கறத நடுவுல கொண்டு வாங்க."

"எந்த ஓரம்?"

"வலது."

கொண்டுவந்தார். மூன்று கற்றைகளையும் வலிக்காதபடி விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, அடுத்தது எது என்று அக்கா சொல்வதற்காக, காதருகே குனிந்து நின்றார்.